சேவை என்ற பெயரில் ஒரு சம்பளம்

விருதுநகரிலிருந்து சிவகாசி போகிற சாலையில், திருத்தங்கலுக்கு முன்னால் வருவது ஆமத்தூர். எங்கள் ஊர்ப்பக்கம். வெளியூர்க்காரர்களுக்கு இந்தப் பெயர் தெரிந்திருந்தால் அது பெரும்பாலும் வெடிவிபத்துச் செய்தியின் கடைசி வரியாகத்தான் இருக்கும்: ஆமத்தூர் போலீசார் வழக்குப்பதிவு செய்து விசாரிக்கிறார்கள். அதற்கு இரண்டு வரி மேலே இன்னொரு வாக்கியம் தவறாமல் இருக்கும். காயமடைந்தவர்கள் 108 ஆம்புலன்ஸ் மூலம் சிவகாசி அரசு மருத்துவமனைக்கோ மதுரை ராஜாஜி மருத்துவமனைக்கோ அனுப்பப்பட்டார்கள் என்று. இறந்தவர்களின் பெயரும் வயதும் வரும். ஆலை உரிமையாளர் பெயர் வரும், ஆறுதல் சொன்ன அமைச்சர் பெயரும் வரும். அந்த வண்டிக்குள் இருந்த இரண்டு பேர் மட்டும் “மூலம்” என்ற ஒரே சொல்லுக்குள் அடங்கிவிடுவார்கள்.

இந்தக் கட்டுரை அந்த இரண்டு பேரின் சம்பளம் பற்றியது. சம்பளத்தைப் பற்றிப் பேசுவது சிலருக்குக் கொச்சையாகப் படும். “உயிர் காக்கிற வேலைங்க, அதுக்கெல்லாம் விலை போட முடியுமா” என்பார்கள். விலை ஏற்கெனவே போடப்பட்டிருக்கிறது. அதுவும் விளம்பரத்தில் அச்சடித்தே போடப்பட்டிருக்கிறது. அந்த விலை சரியா என்பதுதான் என் கேள்வி.

முதலில் எண்கள். 108 ஆள்சேர்ப்பு அறிவிப்புகள் நம் நாளிதழ்களில் மாவட்டச் செய்திகளுக்கு நடுவே அடிக்கடி வரும். 2022, 2023 வாக்கில் வந்தவற்றில் மருத்துவ உதவியாளருக்கு மாதம் 15,435 ரூபாய், ஓட்டுநருக்கு 15,235 ரூபாய். அண்மை அறிவிப்புகளில் 21,320, 21,120. மருத்துவ உதவியாளர் என்றால் பி.எஸ்ஸி. நர்சிங், ஜி.என்.எம்., டி.எம்.எல்.டி., அல்லது விலங்கியல், தாவரவியல், உயிர்வேதியியல் மாதிரி ஏதாவது ஒரு அறிவியல் பட்டம் வேண்டும். ஓட்டுநர் என்றால் பத்தாம் வகுப்பு, உரிமம், பேட்ஜ், அனுபவம், உயரம். முன்னவருக்கு 50 நாள் பயிற்சி, பின்னவருக்கு 10 நாள். ஓட்டுநருக்கு நிறுவனம் வைத்திருக்கும் பெயர் பைலட். மருத்துவ உதவியாளருக்கு வண்டிக்குள் புழங்கும் பெயர் இ.எம்.டி. இருவருக்கும் நடுவே இருக்கும் வித்தியாசம் 200 ரூபாய். நல்ல ஓட்டுநருக்குக் குறைவாகக் கொடு என்று நான் சொல்ல வரவில்லை. மூன்று வருடப் படிப்புக்கும் வண்டிக்குள் எடுக்க வேண்டிய முடிவுகளுக்கும் அமைப்பு வைத்திருக்கும் மதிப்பு மாதம் 200 ரூபாய் என்பதைச் சொல்கிறேன். விருதுநகரில் இரண்டு பேர் எண்ணெய்ப் புரோட்டா சாப்பிட்டால் தீர்ந்துவிடும்.

இனி அதே விபத்துக்கு வருகிற மற்றவர்களின் கணக்கு. தீயணைப்புத் துறையில் புதிதாகச் சேரும் தீயணைப்போருக்கு அடிப்படை ஊதியம் 18,200 ரூபாய். 2025 ஜனவரியில் அகவிலைப்படி 55 சதவீதமாக இருந்தது. சேர்த்தால் 28,210. வீட்டு வாடகைப்படி முதலியவை தனி. அரசுத் துறை ஓட்டுநருக்கு அடிப்படை 19,500, அகவிலைப்படியோடு 30,225. இந்த இரண்டும் வேலையில் சேர்ந்த முதல் மாதக் கணக்கு. இதற்கு மேல் ஆண்டுதோறும் ஊதிய உயர்வு, பத்து ஆண்டில் தேர்வு நிலை, இருபது ஆண்டில் சிறப்பு நிலை என்று விதிப்படி வந்துகொண்டே இருக்கும். தீயணைப்போர் முன்னணி தீயணைப்போர் ஆகலாம், நிலைய அலுவலர் வரை போகலாம். ஒரே குடோன், ஒரே புகை, ஒரே நேரம். தண்ணீர் அடிக்கிறவருக்கு ஏணி இருக்கிறது. அந்தப் புகைக்குள்ளிருந்து வருகிறவரை ஸ்ட்ரெச்சரில் ஏற்றுகிறவருக்கு இல்லை.

தீயணைப்போருக்கு அதிகம் கொடுக்கிறார்கள் என்பது என் புகார் இல்லை. அவர்களுக்குக் கொடுப்பதே குறைவு. அரசுக்குள்ளேயும் எல்லாருக்கும் இந்த ஏணி இல்லை. 2015இல் மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம் போட்டித் தேர்வு வைத்து எடுத்த செவிலியர்களுக்கு முதலில் கொடுத்த தொகுப்பூதியம் 7,700 ரூபாய். பல போராட்டங்களுக்குப் பிறகு அது 18,000 வரை வந்தது. ஆக இது தனியார், அரசு என்ற பிரிவு மட்டும் இல்லை. விதிக்குள் வந்தவர், விதிக்கு வெளியே நிறுத்தப்பட்டவர் என்ற பிரிவு.

விலைவாசிக்கு வருவோம். அகவிலைப்படி என்பது அரசு தன் கையால் எழுதித் தருகிற ஒப்புதல் வாக்குமூலம். 2016 ஜனவரியைச் சுழியமாக வைத்துத் தொடங்கிய படி 2025 ஜனவரியில் 55 சதவீதம். அதாவது 2016இல் 100 ரூபாய்க்கு வாங்கியதை வாங்க 2025 ஜனவரியில் 155 ரூபாய் வேண்டும் என்று அரசே ஒத்துக்கொண்டது. ஆண்டுக்கு இரண்டு முறை இந்தக் கணக்கு பார்க்கப்படுகிறது. ஆனால் இந்தக் கணக்கு அலுவலகத்தின் ஒரு பக்கத்துக்கு மட்டும்தான். ஆம்புலன்சில் இருப்பவர் பெட்ரோல் போடும் பங்க்கில் அரசு ஊழியருக்குத் தனி விலை இல்லை. சிலிண்டருக்கும் இல்லை. 108 சம்பளம் உயரவே இல்லை என்று சொன்னால் அது பொய். உயர்ந்திருக்கிறது, மேலே எண்ணே சொல்லியிருக்கிறேன். ஆனால் எந்தத் தேதியில், எந்தச் சூத்திரப்படி என்று அவருக்கு முன்கூட்டித் தெரியாது. தீபாவளி போனசுக்குக்கூட, வேலைநிறுத்த அறிவிப்பு கொடுத்துத்தான் பேச்சுவார்த்தைக்கே உட்கார முடியும் என்ற நிலை பல ஆண்டுகள் இருந்திருக்கிறது. ஊரே வெடி வெடிக்கிற நாளில், தீக்காயம் அதிகம் வருகிற நாளில், அவர்கள் மிரட்டுகிறார்கள் என்று அப்போது திட்டுவோம். மற்ற 364 நாளும் அவர்கள் பேச்சை யாரும் கேட்கவில்லை என்பதை விட்டுவிடுவோம்.

மணிக்கணக்குப் போட்டுப் பார்த்தால் இன்னும் தெளிவாகும். 12 மணி நேர ஷிப்ட் என்று அறிவிப்பிலேயே சொல்கிறார்கள். மாதம் 26 நாள் என்று வைத்துக்கொண்டால் 312 மணி நேரம். 21,320ஐ வகுத்தால் மணிக்கு 68 ரூபாய் சொச்சம். எட்டு மணி நேரம்தான் ஒரு நாள் வேலை, அதற்கு மேல் பார்ப்பதற்கு இரட்டைச் சம்பளம் என்பது இந்தியத் தொழிலாளர் சட்டங்களின் பழைய அடிப்படை. அதன்படி 21,320 என்பது 208 மணி நேரத்துக்கான சம்பளம், மணிக்கு 102 ரூபாய் 50 காசு. மீதி 104 மணி நேரத்துக்கு இரட்டை விகிதம், அதாவது 205 ரூபாய். பெருக்கினால் இன்னொரு 21,320. ஒரு மனிதரை 12 மணி நேரம் உட்கார வைத்து மாதச் சம்பளம் கொடுக்கும்போது, இன்னொரு முழு மாதச் சம்பளம் கணக்கில் வராமலே போகிறது. வண்டி சும்மா நிற்கிற நேரமும் இருக்கிறதே என்பார்கள். தீயணைப்பு நிலையத்தில் வண்டி நிற்கிற நேரத்துக்கு நாம் சம்பளம் பிடிப்பதில்லை. தயாராக இருப்பதுதான் அந்த வேலை.

பக்கத்து ஊரில் பேஸ் கிடைத்தால் பரவாயில்லை. 25 கிலோமீட்டர் தள்ளிக் கிடைத்தால், ஷிப்ட் மாறுகிற நேரத்துக்குப் பஸ்ஸை நம்ப முடியாது, பைக்தான். போய்வர 50 கிலோமீட்டர், மாதம் 1,300. லிட்டருக்கு 50 கொடுக்கிற வண்டி என்றால் 26 லிட்டர். லிட்டர் 100 ரூபாய்க்கு மேல். மாதம் 2,600க்குக் குறையாது. மணிக்கு 68 ரூபாய் கணக்கில், மூன்று ஷிப்டுக்கு மேல் வேலைக்குப் போய்வருவதற்காகவே வேலை பார்க்கிறார்.

இனி வேலை என்ன என்று பார்ப்போம். ஏனென்றால் “டிரைவரும் முதலுதவிப் பெட்டியும்தானே” என்ற நினைப்பில்தான் இந்தச் சம்பளமே நிற்கிறது. 2012 செப்டம்பர் 5 முதலிப்பட்டியில் முப்பதுக்கும் மேற்பட்டோர் செத்தார்கள். 2021 பிப்ரவரியில் சாத்தூர் பக்கம் அச்சங்குளம், 2023 அக்டோபரில் ரெங்கபாளையம். ஒவ்வொன்றிலும் முதல் வண்டி போய் நிற்கும்போது அங்கே ஒரு நோயாளி இல்லை, பத்து இருபது பேர். யாரை முதலில் ஏற்றுவது என்ற முடிவை எடுக்க வேண்டியவர் அந்த இ.எம்.டி. கத்துகிறவரைவிடக் கத்தாதவருக்கு ஆபத்து அதிகமாக இருக்கலாம். முகத்தில் தீ பட்டவருக்கு மூக்கு ரோமம் கருகியிருக்கிறதா, எச்சிலில் கரி வருகிறதா, குரல் கம்முகிறதா என்று பார்க்க வேண்டும். அப்படி இருந்தால் மூச்சுக்குழல் வீங்கிக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். இப்போது பேசுகிறவர் திருமங்கலம் தாண்டுவதற்குள் பேச்சற்றுப் போகலாம்.

தீ பட்ட பரப்பை ஒன்பதின் விதிப்படி கணக்கிட வேண்டும். தலை 9 சதவீதம், ஒரு கை 9, ஒரு கால் 18, உடம்பின் முன்பக்கம் 18, பின்பக்கம் 18. ஐம்பது கிலோ எடையுள்ள பெண்ணுக்கு 40 சதவீதம் தீக்காயம் என்றால், வழக்கமான பார்க்லேண்ட் சூத்திரப்படி முதல் 24 மணி நேரத்தில் 8 லிட்டர் திரவம். அதில் பாதி, தீ பட்ட நேரத்திலிருந்து எட்டு மணிக்குள். கருகிய கையில் ஓடுகிற வண்டிக்குள் நரம்பு தேடி ஊசி ஏற்ற வேண்டும். சென்னைக் கட்டுப்பாட்டு அறையிலிருக்கும் மருத்துவர் போனில் வழிகாட்டுவார். ஆனால் அவருடைய கண்ணும் கையும் இந்த 21,320 ரூபாய்க்காரர்தான். தொழிற்சாலைகள் சட்டத்தின் 45ஆம் பிரிவு 500 பேருக்கு மேல் வேலை பார்க்கும் ஆலைக்குத்தான் ஆம்புலன்ஸ் அறை கட்டாயம் என்றது. நம் பக்கம் சின்னச் சின்ன அறைகளாகச் சிதறிக் கிடக்கும் ஆலைகளுக்கு 108தான் ஆம்புலன்ஸ் அறை. பட்டாசு முதலாளி கட்ட வேண்டிய அறையின் வாடகையையும் இவருடைய சம்பளத்திலிருந்துதான் மிச்சம் பிடிக்கிறோம்.

இந்த அமைப்பு எப்படி வந்தது என்பது எனக்கு இன்னொரு காரணத்துக்காக முக்கியம். நான் மென்பொருள்காரன். 108ஐ நடத்தும் இ.எம்.ஆர்.ஐ. 2005இல் ஹைதராபாத்தில் பிறந்தது எங்கள் துறையிலிருந்துதான். சத்யம் நிறுவனத்தின் ராமலிங்க ராஜு தொடங்கியது. தமிழ்நாட்டுக்கு 2008 செப்டம்பரில் வந்தது. 2009இல் சத்யம் கவிழ்ந்த பிறகு ஜி.வி.கே. கைக்குப் போனது. வரும்போது எங்கள் துறையின் நல்ல சாமான்கள் நிறைய வந்தன. கால் சென்டர், ஜி.பி.எஸ்., எந்த வண்டி எத்தனை நிமிடத்தில் போனது என்று காட்டும் டேஷ்போர்டு. மெச்ச வேண்டிய விஷயம். இதனால் பிழைத்தவர்கள் என் சொந்தத்திலேயே இருக்கிறார்கள்.

ஆனால் எங்கள் துறையிலிருந்து ஒன்று மட்டும் வரவில்லை: பதவி ஏணி. ஐ.டி. கம்பெனியில் ட்ரெய்னியாகச் சேருகிறவன் பத்து ஆண்டில் நாலு பெயர் மாறியிருப்பான். அதில் பாதி வெறும் அலங்காரம்தான். ஆனாலும் ஒவ்வொரு பெயரோடும் சம்பளம் கொஞ்சம் நகரும், வேறு கம்பெனிக்குப் போனால் அந்தப் பெயர் செல்லும். என்னோடு பிளஸ் டூ படித்தவன் ஒருவன் விலங்கியல் முடித்துவிட்டு ஆம்புலன்ஸ் வேலைக்குப் போனான். ஒரு பொங்கலுக்குப் பார்த்தபோது சொன்னான்: “மாப்ள, நீ சேரும்போது ட்ரெய்னி, இப்ப லீடு. நான் சேரும்போது இ.எம்.டி., இப்பவும் இ.எம்.டி. எனக்கு அப்புறம் சேர்ந்த பயலுக்கு நான்தான் வேலை கத்துக் குடுக்கிறேன். அவனும் இ.எம்.டி.தான்.” மேலே போக வழியே இல்லையா என்று கேட்டேன். “ஒரு மாவட்டத்துக்கு நாலஞ்சு சூப்பர்வைசர் சீட்டு. அதுல இருக்கிறவன் எந்திரிக்கணும்ல?” என்றான். பிறகு அவனே, “எறங்கி வேற வேலைக்குப் போவோம்னா, இந்தப் பத்து வருஷத்த எந்த ஆஸ்பத்திரியும் கணக்குல எடுக்க மாட்டேங்குறான்” என்றான்.

இங்கேதான் “பிடிக்கவில்லை என்றால் வேறு வேலைக்குப் போ” என்கிற எங்கள் ஐ.டி. ஞானம் உடைகிறது. எனக்கு அது வேலை செய்யும், ஏனென்றால் என் அனுபவத்துக்குச் சந்தை இருக்கிறது. ஆம்புலன்ஸ் அனுபவத்துக்கு வாங்குகிறவர் யார்? தனி ஆளாக இரண்டு வண்டி வைத்து ஓட்டுகிறவர், ட்ரிப்புக்கு இவ்வளவு என்று பேசுவார். பி.எஃப். கிடையாது. தனியார் மருத்துவமனை நர்சிங் சான்றிதழைக் கேட்கும். விலங்கியல் பட்டமும் 50 நாள் பயிற்சியும் அங்கே செல்லாது. வளைகுடா நாடுகளிலும் பாராமெடிக் பட்டம், உரிமம் என்றுதான் ஆரம்பிப்பார்கள். ஆக, மாநிலம் முழுவதும் ஒரே பெரிய முதலாளி. தகுதியையும் அவரே வரையறுக்கிறார், பயிற்சியையும் அவரே தருகிறார், அந்தப் பயிற்சி வெளியே செல்லாதபடியும் இருக்கிறது. இதற்குச் சந்தை விலை என்று பெயர் வைக்கக் கூடாது.

“50 நாள் பயிற்சிக்காரருக்கு எவ்வளவு கொடுப்பது” என்று கேட்பவர்களுக்கும் இதுதான் பதில். 50 நாள் என்று முடிவு செய்தது அவர் இல்லை. எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகத்தில் விபத்து மற்றும் அவசர சிகிச்சைத் தொழில்நுட்பத்தில் பி.எஸ்ஸி. படிப்பு இருக்கிறது. 2021இல் வந்த தேசிய துணை மருத்துவ மற்றும் சுகாதாரத் தொழிலர் ஆணையச் சட்டம் பாராமெடிக் பணியைத் தன் அட்டவணையில் வைத்திருக்கிறது. பத்து வருடம் வண்டியில் இருந்தவரை அந்தப் படிப்பில் பக்கவாட்டில் சேர்த்துக்கொள்ள ஒரு வாசல் திறந்துவிட்டால், படிப்பில்லை என்ற பேச்சே முடிந்துவிடும்.

அடுத்த வாதம்: அவர்கள் அரசு ஊழியர்கள் இல்லை, ஒப்பந்த நிறுவனத்தின் ஆட்கள், அரசு என்ன செய்ய முடியும்? வண்டி மேல் தமிழ்நாடு அரசு என்று எழுதியிருக்கிறது. பணம் மாநில அரசும் தேசிய சுகாதார இயக்கமும் கொடுப்பது. புதிய வண்டிகளைக் கொடியசைத்து வைப்பவர் முதலமைச்சர். சம்பளம் என்று வரும்போது மட்டும் ஹைதராபாத்துக்காரரைக் காட்டுகிறோம். 2016 அக்டோபரில் பஞ்சாப் அரசு எதிர் ஜக்ஜித் சிங் வழக்கில், ஒரே வேலை பார்க்கும் தற்காலிக ஊழியருக்கும் நிரந்தர ஊழியரின் அடிப்படைச் சம்பளம் கொடுக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. ஒப்பந்தத் தொழிலாளர் விதிகளிலும் அதே சாயலில் ஒரு விதி இருந்தது: முதன்மை முதலாளியின் நேரடி ஆள் செய்கிற அதே வேலையைச் செய்தால் அதே கூலி. ஆனால் 108 பணியில் நேரடி ஆள் என்று ஒருவரையும் அரசு வைத்துக்கொள்ளவில்லை. ஒரு வேலையை முழுதாக வெளியே கொடுத்துவிட்டால் ஒப்பிட்டுக் காட்ட உள்ளே ஆளே இருக்காது. எங்கள் துறையில் வெண்டார் என்று வைத்துச் செய்கிற அதே வித்தைதான். வண்டி எத்தனை நிமிடத்தில் வர வேண்டும் என்று கேட்கத் தெரிந்த அரசுக்கு, வண்டியில் வருகிறவருக்கு ஆண்டுக்கு எவ்வளவு கூட்ட வேண்டும் என்று கேட்கத் தெரியாதா?

வேலைநிறுத்தம் செய்தால் உயிர் போகும் என்பது நிஜமான கவலை. பிரிட்டனில் 2022 டிசம்பரில் ஆம்புலன்ஸ் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள், விலைவாசிக்குச் சம்பளம் ஈடுகொடுக்கவில்லை என்று. உயிருக்கு உடனடி ஆபத்து என்ற அழைப்புகளுக்குப் போவோம் என்று முன்கூட்டியே ஒப்புக்கொண்டு செய்தார்கள். அதற்கும் முன்னால், 2016 டிசம்பரில், அங்கே பாராமெடிக்குகளை ஐந்தாம் ஊதியப் படியிலிருந்து ஆறாம் படிக்கு உயர்த்த ஒப்பந்தமானது. காரணம் எளிமையானது: வேலையின் பொறுப்பு கூடிவிட்டது, பழைய படி பொருந்தவில்லை. லண்டன் பவுண்டை ஆமத்தூர் ரூபாயோடு ஒப்பிடச் சொல்லவில்லை. வேலையை எடை போட ஒரு தராசு அங்கே இருந்தது, அதில் மறுபடி நிறுத்துப் பார்த்தார்கள் என்பதைத்தான் சொல்கிறேன். இங்கே தராசே இல்லை.

பணம் எங்கே என்பார்கள். கணக்குப் போடலாம். மாநிலத்தில் 1,300க்கும் மேற்பட்ட 108 வண்டிகள். வண்டிக்கு இரண்டு பேர், இரண்டு ஷிப்ட், வார விடுப்புக்கு மாற்று ஆள் என்று தாராளமாக 6,000 பேர் என்று வைப்போம். ஒவ்வொருவருக்கும் மாதம் 10,000 கூட்டினால் ஆண்டுக்கு 72 கோடி. 2025-26 பட்ஜெட்டில் மக்கள் நல்வாழ்வுத் துறைக்கு ஒதுக்கியது 21,906 கோடி. நூறு ரூபாயில் 33 காசு. அச்சங்குளம் விபத்தில் இறந்தவர் குடும்பத்துக்கு மாநில அரசு தலா மூன்று லட்சம் அறிவித்தது. கொடுக்க வேண்டிய பணம், குறை சொல்ல மாட்டேன். செத்த பிறகு அன்றைக்கே கொடுக்க முடிகிற அரசுக்கு, சாகாமல் கொண்டுவந்து சேர்க்கிறவருக்குக் கொடுக்கத்தான் நிதி நெருக்கடி வருகிறது. சாலை விபத்தில் முதல் 48 மணி நேரச் சிகிச்சை இலவசம் என்று 2021 டிசம்பரில் ஒரு நல்ல திட்டம் தொடங்கினார்கள். அந்த 48 மணி நேரத்தின் முதல் மணி நேரம் இவர் கையில்தான் இருக்கிறது.

செய்ய வேண்டியவை சிக்கலானவை இல்லை. அரசுக்கும் நிறுவனத்துக்குமான ஒப்பந்தத்தில் சம்பளப் பகுதியை வெளியிட வேண்டும். அகவிலைப்படி உயரும் தேதியில் அதே சதவீதம் இவர்களுக்கும் உயர வேண்டும். எட்டு மணிக்கு மேற்பட்ட நேரத்துக்குத் தனிக் கணக்கு, அல்லது எட்டு மணி ஷிப்ட். இ.எம்.டி., முதுநிலை இ.எம்.டி., பயிற்றுநர், மாவட்ட மேற்பார்வையாளர் என்று நாலு படி, ஒவ்வொன்றுக்கும் ஆண்டுக் கணக்கும் தேர்வும். பைலட்டுக்கும் அதே மாதிரி. வண்டி அனுபவத்துக்கு அரசு மருத்துவப் பணித் தேர்வுகளில் மதிப்பெண். பட்டாசு ஆலைகளிடமிருந்து ஓர் அவசர சிகிச்சைத் தீர்வை, இந்த மாவட்ட வண்டிகளுக்கு என்றே.

சிவகாசியிலும் சாத்தூரிலும் விருதுநகரிலும் ஓட்டுக் கேட்டு வருகிறவர்கள் பட்டாசுத் தொழிலைக் காப்போம் என்று தவறாமல் சொல்வார்கள். அடுத்த தடவை வரும்போது, அண்ணாச்சி, தொழிலைக் காப்பது இருக்கட்டும், அந்தத் தொழிலில் அடிபட்டவனைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறவனுக்கு அடுத்த ஜூலையில் சம்பளம் எவ்வளவு கூடும் என்று கேளுங்கள். தீயணைப்பு நிலையத்தில் இருக்கும் யாரைக் கேட்டாலும் அவருடைய கணக்கைச் சொல்லிவிடுவார். 108 வண்டியில் இருப்பவரும் அப்படிச் சொல்ல முடிகிற நாள் வரை, சேவை, தியாகம், நடமாடும் தெய்வம் என்ற சொற்களை அந்த வண்டிப் பக்கம் கொண்டுபோகாமல் இருப்பதே நாம் காட்டக்கூடிய குறைந்தபட்ச மரியாதை.